கொல்லைக்கதவு வழியே வரும் மாற்றங்கள்

மென்பொருள் எழுதுகிறவரின் கணினிக்கும் மக்கள் பயன்படுத்தும் சர்வருக்கும் நடுவே உள்ள பாதையைத்தான் இந்தத் தொழிலில் பைப்லைன் என்கிறோம். நிரலில் ஒரு வரி மாறினாலும் அது தானாக பில்ட் ஆகும். டெஸ்ட்டுகள் வரிசையாக ஓடும். எல்லாம் பச்சை காட்டினால் முதலில் சில சர்வர்களுக்கும், சிக்கல் தெரியாவிட்டால் பிறகு எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். 2009-இல் ஃபிளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் டெப்ளாய் செய்வதாக மாநாட்டு மேடையில் விளக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜெஸ் ஹம்பிளும் டேவிட் ஃபார்லியும் எழுதிய 'கன்டினியுவஸ் டெலிவரி' இந்த முறைக்கு இலக்கண நூலாகவே அமைந்துவிட்டது. மாதக்கணக்கில் மாற்றங்களைச் சேர்த்து வைத்து, ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க விழித்திருந்து வெளியீடு செய்த தலைமுறைக்கு அது விடுதலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் அந்தக் கொள்கையின் மையமான வாக்குறுதியில். சின்னச் சின்ன மாற்றங்களாக, அடிக்கடி, இயந்திரத்தின் வழியே அனுப்பினால் வேகமும் கூடும், ஆபத்தும் குறையும் என்கிறது அது. எந்த அளவுக்கு இது மெய்? ஒழுங்காக ஓடிய நாட்களை வைத்து இதை எடை போட முடியாது. அந்த நாட்களில் நல்ல பைப்லைனும் மோசமான பைப்லைனும் ஒன்றுபோலத்தான் தெரியும். உடைந்த நாட்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் தோல்விகளை நிமிட வாரியாக எழுதி வெளியிடும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றியிருப்பது நம் பாக்கியம். வேறு பல தொழில்களில் இப்படிப்பட்ட ஆவணங்கள் வழக்கு போட்டால்தான் கிடைக்கும்.

எல்லோரும் முதலில் எடுப்பது நைட் கேப்பிட்டல் கதை. அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய வர்த்தக நிறுவனங்களில் ஒன்றான அது, 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்த முதல் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. நடந்ததை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவில் விரிவாகப் படிக்கலாம். நியூயார்க் பங்குச் சந்தை அன்று தொடங்கவிருந்த ஒரு புதிய சில்லறை வர்த்தகத் திட்டத்துக்காக நைட் தன் ஆர்டர் அனுப்பும் நிரலை மாற்றியது. மொத்தம் எட்டு சர்வர்கள். ஜூலை 27 முதல், ஒரு நாளைக்குச் சில சர்வர்கள் என்ற கணக்கில் புதிய நிரல் கையால் ஏற்றப்பட்டது. ஒரு சர்வர் விட்டுப்போயிற்று. அதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் யாரும் நியமிக்கப்படவில்லை.

விட்டுப்போன அந்த சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் இருந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்டார்கள், நீக்கவில்லை. புதிய திட்டத்துக்காகப் புதிய ஃபிளாக் (நிரலின் ஒரு பகுதியை இயக்கும் சொடுக்கி) ஒன்றை உருவாக்காமல், முன்பு பவர் பெக்கை இயக்கிய அதே ஃபிளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். ஏழு சர்வர்களில் அந்த ஃபிளாக் புதிய வேலையைத் தொடங்கியது, எட்டாவதில் பவர் பெக்கைத் தட்டி எழுப்பியது. வாங்கிய பங்குகளைக் கூட்டிப் பார்த்து, ஆர்டர் நிறைவேறியதும் நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-இல் நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே 212 சிறு ஆர்டர்களுக்காக அந்த நிரல் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்து தள்ளியது. கைமாறிய பங்குகள் 39.7 கோடிக்கு மேல்.

இதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் பாடம்: கையால் டெப்ளாய் செய்யாதே, தானியங்கி ஆக்கு. அந்தப் பாடம் தவறில்லை, ஆனால் பாதிதான். தானியங்கி ஏற்பாடு ஒன்று இருந்திருந்தால் எட்டாவது சர்வர் விட்டுப்போயிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதே உத்தரவில் உள்ள மற்றவற்றை அது குணப்படுத்தியிருக்குமா? அன்று காலை 8:01 முதல் சந்தை திறக்கும் 9:30 வரை, பவர் பெக் முடக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்போடு 97 மின்னஞ்சல்கள் நைட் ஊழியர்கள் சிலருக்குப் போயிருக்கின்றன. அவற்றை எச்சரிக்கையாக யாரும் வடிவமைக்கவில்லை. எச்சரிக்கையாக யாரும் படிக்கவுமில்லை. சந்தை திறந்து பணம் ஓடத் தொடங்கிய பிறகு, புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டு சர்வரிலும் பவர் பெக். எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று தெரியாமல் பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக் நெருப்புக்கு நெய் வார்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தாண்டிப் போகும் ஒரு செய்தி இருக்கிறது. நைட் தன் நிரலைப் படிப்படியாகத்தான் ஏற்றியது. பல நாட்களில், சில சர்வர்களாக. இன்றைய பைப்லைன் நூல்கள் பரிந்துரைக்கும் அதே முறை. ஆனால் அந்த நாட்களில் புதிய பாதை இயங்கவே இல்லை. அதை இயக்கும் ஃபிளாக்கைச் சுமந்த ஆர்டர்கள் ஆகஸ்ட் 1 அன்றுதான், எட்டு சர்வருக்கும் ஒரே காலையில் வந்தன. நிரல் படிப்படியாகப் போனது. நிரலின் நடத்தையை மாற்றிய சொடுக்கி ஒரே அடியில் போனது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் என் வாதத்தின் முதல் கண்ணி.

இரண்டாவது கண்ணிக்கு நைட்டுக்கு நேர் எதிரான ஒரு நிறுவனத்தை எடுக்கிறேன். கிளவுட்ஃபிளேரில் எதுவும் கையால் நடப்பதில்லை. உலக இணையப் போக்குவரத்தின் கணிசமான பங்கைச் சுமக்கும் அந்த நிறுவனத்தில் புதிய நிரல் முதலில் சொந்த ஊழியர்களின் போக்குவரத்தை மட்டும் கையாளும் இடத்துக்குப் போகும். பிறகு இலவச வாடிக்கையாளர்களில் ஒரு சிறு பகுதிக்கு. பிறகு சில மையங்களுக்கு. எல்லாம் தேறினால் உலகம் முழுவதற்கும். இதைவிடக் கவனமான பாதையை வகுப்பது கடினம். 2019 ஜூலை 2 அன்று, இந்திய நேரம் மாலை 7:12 முதல் 27 நிமிடங்கள் அந்த நிறுவனத்தின் வலையமைப்பு முழுவதும் முடங்கியது. மோசமான கட்டத்தில் போக்குவரத்து 82 சதவீதம் சரிந்தது.

காரணம், வெப் ஃபயர்வாலில் சேர்க்கப்பட்ட ஒரு விதி. தாக்குதல் நிரலை அடையாளம் காண எழுதப்பட்ட ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன். எதுவும் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்ற துண்டு அதில் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. பொருந்தாத ஓர் உரை வந்தால், அதை எங்கே வெட்டிப் பிரிப்பது என்று எல்லாச் சாத்தியங்களையும் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும் குணம் அந்த இயந்திரத்துக்கு உண்டு. ஒவ்வொரு சர்வரின் சிபியுவும் 100 சதவீதத்தைத் தொட்டது. இத்தனைக்கும் அந்த விதி யாரையும் தடுக்காமல் வெறுமனே கணக்கு மட்டும் எடுக்கும் ஒத்திகை நிலையில்தான் வைக்கப்பட்டிருந்தது. தடுக்காது என்பது சரி. ஓடாது என்று பொருளில்லையே. விதிகளுக்கான டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை காட்டின, ஏனென்றால் விதி சரியாகப் பிடிக்கிறதா என்று அவை பார்த்தன, எவ்வளவு சிபியு தின்கிறது என்று பார்க்கவில்லை. அப்படிக் கட்டுமீறித் தின்பதைத் தடுக்கும் காப்பு ஒன்று இருந்தது. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒரு சீரமைப்பில் அது தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது.

இவை எல்லாம் நிகழக்கூடிய தவறுகள். எந்தக் குழுவிலும் நிகழும். அந்தக் கவனமான நான்கு படிப் பாதை இவற்றைப் பிடிக்கத்தானே இருந்தது? பிடித்திருக்கும். ஃபயர்வால் விதிகள் அந்தப் பாதையில் போகவில்லை. அவற்றுக்குத் தனி வழி. நொடிகளில் உலகம் முழுவதும் கொண்டு சேர்க்கும் வழி. புதிய தாக்குதல் ஒன்று கிளம்பினால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பது அதற்கான நியாயம். வாசலில் நாலு காவலரை நிறுத்திவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்தே வைத்ததுபோல் ஆயிற்று.

முடக்கம் நீண்டதற்கு இன்னொரு காரணத்தையும் கிளவுட்ஃபிளேர் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பைப்லைன் கட்டுகிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். கோளாறை நிறுத்தும் பொத்தான் இருந்த உள்பக்கமே கிளவுட்ஃபிளேர் வலையமைப்பின் வழியாகத்தான் திறக்கும். வலையமைப்பு விழுந்ததும் பொத்தானுக்குப் போகும் வழியும் விழுந்தது. மாற்று வழி இருந்தது. அதில் யாருக்கும் போதிய பழக்கமில்லை. போதாக்குறைக்கு, அந்த உள்பக்கத்தை அடிக்கடி பயன்படுத்தாத ஊழியர்கள் சிலரின் அனுமதியைப் பாதுகாப்பு விதி தானாக முடக்கி வைத்திருந்தது. அவசர வழியை மாதம் ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும் என்ற சாதாரண உண்மையை நிறுவனங்கள் இப்படி விலை கொடுத்துத்தான் கற்கின்றன.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 19 காலை, இந்திய நேரம் 9:39-க்கு கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் ஒரு சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்திய விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸோடு பயணிகள் வரிசையில் நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது; விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

உள்ளே நடந்தது இது. 21 புலங்கள் உண்டு என்று ஒரு வார்ப்பு சொன்னது; அதை வாசிக்கும் நிரல் 20 மட்டுமே கொடுத்தது. அதுவரை அனுப்பிய கோப்புகளில் 21-ஆவது புலம் எதுவானாலும் சரி என்று விடப்பட்டிருந்ததால் யாரும் அதைத் தொட வேண்டி வரவில்லை. அன்றைய கோப்பு முதல் முறையாக அந்தப் புலத்தில் குறிப்பிட்ட மதிப்பு ஒன்றைக் கேட்டது. இல்லாத நினைவிடத்தை நிரல் வாசிக்கப் போய், இயங்குதளத்தையே இழுத்துக்கொண்டு விழுந்தது. என்னை உறுத்துவது இந்தப் பிழையைவிட அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு. கிரவுட்ஸ்டிரைக்கின் மென்பொருளைப் புதிய பதிப்பில் வைக்கலாமா, ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கி வைக்கலாமா என்று வாடிக்கையாளர்கள் தேர்ந்தெடுக்கலாம். எச்சரிக்கையான பல நிறுவனங்கள் பின்தங்கித்தான் வைத்திருந்தன. அந்தத் தேர்வு மென்பொருளுக்கு மட்டும். இந்தக் கோப்பு 'உள்ளடக்கம்' என்ற பிரிவில் வந்தது. அதற்குப் படிகள் கிடையாது, தேர்வும் கிடையாது. எச்சரிக்கையாக இருந்தவர்களின் எச்சரிக்கை பலிக்கவே இல்லை.

நிரல் இல்லை, தரவுதான். நிரல் இல்லை, விதிதான். நிரல் இல்லை, கான்ஃபிக்தான். இந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பின் நடத்தையை எது மாற்றுமோ அது நிரலுக்குச் சமம். கோப்பின் பெயர் எப்படி முடிந்தாலும் சரி. இதை மறுக்கிறவர்களுக்கு கூகுள் கிளவுட் 2025 ஜூன் 12 அன்று விழுந்த கதையைச் சொல்வேன். மே 29 அன்று புதிய நிரல் ஒன்று சேர்ந்தது. அதை கூகுள் ஒவ்வொரு மண்டலமாக, பொறுமையாகத்தான் அனுப்பியது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வகைக் கொள்கைத் தரவு வந்தால் மட்டுமே அந்த நிரலின் புதிய பகுதி ஓடும். மண்டலம் மண்டலமாகப் போனபோது அப்படி ஒரு தரவு எங்கும் வரவில்லை. ஜூன் 12 அன்று வெற்றுப் புலங்களோடு ஒரு தரவு வந்தது. நொடிகளில் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. எல்லா மண்டலங்களிலும் அந்த நிரல் ஒரே சமயத்தில் சுருண்டது. நைட் கதையின் அதே அமைப்பு: நிரல் படிப்படியாக, அதை இயக்குவது ஒரே அடியில். ஒரு நிறுவனம் கையால் செய்தது, மற்றொன்று உலகின் மிகத் தேர்ந்த தானியங்கி ஏற்பாட்டோடு செய்தது. முடிவு ஒன்றே என்றால், தானியங்கியா கையாலா என்ற கேள்வியை மையத்தில் வைத்தது தவறு என்றுதானே பொருள்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை இப்போது நேர்மையாக எடை போட வேண்டும். பாதுகாப்பு மென்பொருளில் தாமதம் என்பதே ஆபத்து. இன்று காலை தெரியவந்த ஓட்டையை இன்று மாலைக்குள் யாரோ ஒருவன் பயன்படுத்துவான். எல்லா விதிக்கும் நான்கு படி, ஆறு மணி நேரம் என்றால் வாடிக்கையாளரைக் காப்பது யார்? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அவசர வழி ஒன்று வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வழியில் உண்மையில் எவை பயணம் செய்கின்றன என்று பாருங்கள். கிளவுட்ஃபிளேரை முடக்கிய ஜூலை 2 விதி அவசரமானதே இல்லை. அவசரமில்லாத விதியும் படிகளின்றி உலகம் முழுவதும் போகலாம் என்று தங்கள் நடைமுறை அனுமதித்ததைக் காரணங்களில் ஒன்றாக கிளவுட்ஃபிளேரே எழுதியது. அவசரத்துக்காகத் திறந்த வழி சௌகரியத்துக்கான வழியாக மாறிவிடுகிறது. படிகள் உள்ள பாதையும் படிகள் இல்லாத பாதையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வியாழக்கிழமை மாலை களைத்துப்போன பொறியாளர் எதைத் தேர்வார் என்று கேட்கவே வேண்டாம்.

அந்த நிறுவனத்தின் பின்கதை இந்த எடையை இன்னும் ஒரு பக்கம் சாய்க்கிறது. 2019-க்குப் பிறகு ஃபயர்வால் விதிகளையும் படிப்படியாக அனுப்புவோம், நடப்புத் தாக்குதலுக்கு மட்டும் அவசர வழி என்று முடிவெடுத்தார்கள். 2025 நவம்பர் 18 அன்று மறுபடி விழுந்தார்கள், இந்த முறை பல மணி நேரம். பாட்களை அடையாளம் காணும் அமைப்புக்கான ஒரு தரவுக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக உருவாகி எல்லா இடத்துக்கும் போகும். தரவுத்தளத்தில் ஓர் அனுமதி மாற்றத்தால் அதில் வரிகள் இரட்டித்தன. 200 அம்சங்கள் என்ற வரம்பைக் கோப்பு தாண்டியது. வாசித்த நிரல் செத்தது. அது மனிதர் எழுதிய விதி இல்லை, இயந்திரம் உருவாக்கிய கோப்பு. ஆகவே யாரும் அதை மாற்றம் என்றே கணக்கில் வைக்கவில்லை. மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 5 அன்று, இன்னொன்று. ரியாக்ட் மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட கடுமையான ஓட்டையிலிருந்து வாடிக்கையாளரைக் காக்க ஒரு மாற்றம் செய்தார்கள். அந்த அவசர மாற்றத்தைப் படிப்படியாகத்தான் அனுப்பினார்கள்! அது போகும்போது உள் சோதனைக் கருவி ஒன்று முரண்டு பிடித்தது. அந்தக் கருவியை அணைக்கும் சிறு மாற்றத்தை நொடிகளில் பரவும் பொது கான்ஃபிக் வழியில் விட்டார்கள். அதுதான் உடைத்தது. சுமார் 25 நிமிடம், அவர்கள் கையாளும் போக்குவரத்தில் ஏறத்தாழ 28 சதவீதம். அவசரமானது பொறுமையாகப் போகிறது, அற்பமானது பறந்து போய் உடைக்கிறது என்றால், அவசரம் என்ற வாதம் அந்தத் திறந்த கதவுக்குப் போதுமான நியாயம் ஆகாது.

ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நான் மேலே எடுத்தவை எல்லாம் தங்கள் தவறுகளைப் பொதுவெளியில் வைத்த நிறுவனங்கள், ஒழுங்காணையம் வெளிக்கொண்டுவந்த நைட் ஒன்றைத் தவிர. மற்ற இடங்களில் இதைவிட நன்றாக நடக்கிறது என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை. நான் வேலை செய்த இடங்களிலும், நண்பர்கள் சொல்லக் கேட்ட இடங்களிலும் ஒரே காட்சிதான். நிரலில் மூன்று வரி மாற்றினால் இரண்டு பேர் ரிவ்யூ செய்ய வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும், ஸ்டேஜிங்கில் பார்க்க வேண்டும். பக்கத்து பிரவுசர் டேப்பில் அட்மின் திரை திறந்திருக்கும். அதில் 'டைம்அவுட்' என்று ஒரு பெட்டி, உள்ளே 30. அதை 3 என்று மாற்றி சேவ் அழுத்தினால் எல்லா வாடிக்கையாளருக்கும் அந்தக் கணமே அமலுக்கு வரும். யார் மாற்றினார்கள் என்ற பதிவுகூடச் சில இடங்களில் இருக்காது. பைப்லைன் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் பைப்லைனைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கொள்கையின் புள்ளிவிவரச் சான்றுக்கு வருவோம். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-இல் வெளியிட்ட 'ஆக்ஸிலரேட்' நூலும், மென்பொருள் டெலிவரியை ஆராயும் டோரா குழுவின் ஆண்டறிக்கைகளும் நான்கு அளவுகோல்களைப் பரப்பின: எத்தனை முறை டெப்ளாய் செய்கிறீர்கள், ஒரு மாற்றம் போய்ச் சேர எவ்வளவு நேரம், எத்தனை மாற்றங்கள் உடைக்கின்றன, உடைந்தால் மீள எவ்வளவு நேரம். வேகமான குழுக்களே நிலையான குழுக்களாகவும் இருக்கின்றன என்பது அவர்களின் தலையாய முடிவு. இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் பகை என்று அடித்துச் சொல்லிவந்த மேலாளர்களின் வாயை அது அடைத்தது. அது சின்னக் காரியமில்லை. ஆனாலும் அது பணியாளர்கள் தாங்களே நிரப்பிய கேள்வித்தாளின் மேல் நிற்கிறது. ஆழமான குறை வேறு: டெப்ளாய் என்று எதை எண்ணுகிறோம்? அட்மின் திரையில் 30-ஐ 3 ஆக்கியதை எந்தக் குழுவும் டெப்ளாய் என்று எண்ணுவதில்லை. ஆகவே அது உடைத்தாலும் 'உடைத்த மாற்றங்களின் விகிதம்' ஏறாது. ஓர் அமைப்பின் மிக ஆபத்தான மாற்றங்கள் அளவுகோலுக்கு வெளியே இருக்கும்போது நான்கு எண்களும் அழகாகவே இருக்கும். அந்த எண்களைத் தலைமைக்குக் காட்டிப் பாராட்டு வாங்கும் குழுக்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்கள் மொத்த உண்மையும் இல்லை.

டோராவின் 2024 அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பு இன்றைக்குப் பொருத்தமானது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் பயன்பாடு 25 சதவீதம் கூடினால் டெலிவரியின் நிலைத்தன்மை சுமார் 7.2 சதவீதம் குறையும் என்று அது மதிப்பிட்டது. ஒரே சமயத்தில் பெரிய மாற்றங்களை அனுப்பும் பழக்கம் திரும்புவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

பைப்லைனின் உள்ளே இருக்கும் காவலின் தரம் பற்றிக் கொஞ்சமே சொல்கிறேன், இது பலரும் பேசிய விஷயம். காரணமின்றிச் சில நேரம் சிவப்பும் சில நேரம் பச்சையும் காட்டும் டெஸ்ட்டுகளை ஃபிளேக்கி என்கிறோம். கூகுளின் ஜான் மிக்கோ 2016-இல் எழுதியபடி, அங்கே ஏறத்தாழ 16 சதவீத டெஸ்ட்டுகளில் ஏதோ ஓரளவு இந்தக் குணம் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய தருணங்களில் 84 சதவீதத்தில் ஒரு ஃபிளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. கூகுளுக்கே இந்த நிலை. இதன் உண்மையான சேதம் வீணாகும் நேரத்தைவிடப் பெரியது. சிவப்பைப் பார்த்ததும் கை தானாக 'ரீட்ரை' பொத்தானுக்குப் போகப் பழகிவிடுகிறது. பழகிய கைக்கு உண்மையான சிவப்பும் இன்னொரு ரீட்ரைதான். நைட்டின் 97 மின்னஞ்சல்களுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஃபிளேக்கி என்று தெரிந்த டெஸ்ட்டை அன்றே வரிசையிலிருந்து வெளியே எடுத்து, அதற்கு ஓர் ஆளையும் தேதியையும் குறிப்பது கடுமையாகத் தெரியலாம். நம்பிக்கை இழந்த காவலைவிட, எண்ணிக்கையில் குறைந்த காவல் மேல்.

பைப்லைனே தாக்கப்படும் பொருளாகவும் ஆகிவிட்டது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் தாக்கியவர்கள் நிரல் களஞ்சியத்தைத் தொடவில்லை. பில்ட் நடக்கும் சர்வரில் உட்கார்ந்து, ஓரியன் மென்பொருளின் பில்ட் தொடங்கும் நொடிக்காகக் காத்திருந்து, ஒரு மூலக் கோப்பை மட்டும் மாற்றி வைத்து, முடிந்ததும் பழையதை வைத்துவிட்டார்கள். வெளிவந்த பதிப்பில் நிறுவனத்தின் சொந்தக் கையொப்பமே இருந்தது. 18,000 வாடிக்கையாளர் வரை அதை இறக்கிக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் கிட்ஹப்பில் 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய 'டிஜே-ஆக்ஷன்ஸ்/சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' என்ற பைப்லைன் துணைக்கருவியின் பதிப்புக் குறிகளை ஒருவன் தன் நச்சு நிரலை நோக்கித் திருப்பிவிட்டான். பைப்லைன் வைத்திருந்த ரகசியச் சாவிகளை அது பதிவேட்டில் கொட்டியது. பதிப்புக் குறியை நம்பாமல் மாற்ற முடியாத கமிட் எண்ணைக் குறித்திருந்தவர்கள் தப்பினார்கள். ரிவ்யூவில் யாரும் பார்க்காத ஒன்று, எல்லோரும் நம்பும் பாதையில் ஏறிவிட்டது: இதுவும் கொல்லைக்கதவேதான்.

ஆகவே என் தீர்ப்பு. வேகமும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும் என்ற கொள்கை மெய்; ஒரு நிபந்தனையோடு. அமைப்பின் நடத்தையை மாற்றும் எல்லாமே, நிரல், கான்ஃபிக், ஃபிளாக், விதி, தரவுக் கோப்பு, பைப்லைனின் சொந்தப் பாகங்கள் எல்லாமே, அந்த ஒரே பாதையில் போக வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறாத இடத்தில் கொள்கை பலவீனமாவதோடு நிற்பதில்லை, தலைகீழாகிறது. நொடிகளில் உலகெங்கும் பரப்பும் இயந்திரத்தை நாம்தான் கட்டினோம். அதைக் காவல் இல்லாத மாற்றத்துக்கும் கொடுத்துவிட்டோம். கையால் ஒவ்வொரு சர்வராகப் போன காலத்தில் ஒரு கெட்ட கோப்பு 85 லட்சம் கணினிகளை 78 நிமிடத்தில் தொட்டிருக்கவே முடியாது. சேதத்தின் பரப்பை விரித்தது தானியக்கம்தான் என்பதை இந்தக் கொள்கையை ஆதரிக்கும் நாமே சொல்ல வேண்டும்.

ஐந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்கு படிப் பாதை அவர்களுக்கு வேண்டாம். டெஸ்ட் கவரேஜை 80-லிருந்து 90 ஆக்கும் வேலையையும் தள்ளிப்போடலாம். அட்மின் திரையில் உள்ள அந்தப் பெட்டிகளை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். அவற்றில் எல்லா வாடிக்கையாளரையும் ஒரே கணத்தில் தொடுபவை எவை என்று குறித்து, அந்த மதிப்புகளை நிரலோடு ஒரே களஞ்சியத்துக்கு நகர்த்தினால், பதிவு, ரிவ்யூ, பழைய நிலைக்குத் திரும்பும் வழி மூன்றும் கூடுதல் செலவின்றிக் கிடைத்துவிடும். நகர்த்த முடியாதவற்றுக்கு, முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் என்ற தேர்வைத் திரையிலேயே சேர்க்கலாம். தரவைத் தவறாகக் கொடுத்தால் செத்துவிழாமல் பழைய நல்ல மதிப்போடு ஓடும்படி வாசிக்கும் நிரலை எழுதுவது அதற்கடுத்த வேலை. கிரவுட்ஸ்டிரைக், கூகுள், கிளவுட்ஃபிளேர் மூன்றிலும் வாசித்த நிரல் வந்த தரவை அப்படியே நம்பியது. ரோல்பேக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எதுவும் உடையாத நேரத்தில், வேண்டுமென்றே செய்து பார்க்க வேண்டும். எந்த சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற கேள்விக்கு அந்தக் காலையில் ஒரு நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால், அந்த வாரத்தின் முதல் வேலை அதுதான்.